கவிழ்த்த படகின் கதவு எண்

தாராவி
மே 11

மருமகள் மாலதிக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். நீ என் நம்பரை ப்ளாக் செய்வாய் என்று சொன்னேன், செய்தாய். சர்வேக்காரர்கள் இந்த வருஷம் நம் சந்துக்கு வருவார்கள் என்று சொன்னேன். பக்கத்துச் சந்து வரைக்கும் வந்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் வெங்கடேஷ் உன் ஒற்றை அறைக் கோலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நேரே நெருளுக்குப் போய் உன்னிடம் பற்றவைப்பார் என்றும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்பாய். உன் அத்தை மீனாட்சியம்மாளிடம் சொன்னேன். அவள் இல்லை என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி கம்மி.

"மாமா வாயால் சொல்வதை மறுநாள் மாற்றிவிடுவார். இனிமேல் எதுவானாலும் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும்" என்று சொல்லி அனுப்பினாயாம். எழுதுகிறேன். எனக்கென்ன பயம்? ஆறாம் கிளாஸ் வரை படித்தவன். ஏழாம் கிளாஸ் வாத்தியார், உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பெயரில் பூட்டிக் கிடக்கும் கோலியில் நான் படகு கட்டுகிறேன். வாரம் ஒரு தடவை திறந்து காற்றோட்டம் விடச் சொல்லிச் சாவி கொடுத்தாய். படகு கட்டினால் தினமும் காற்றோட்டம்தானே?

மீன் பிடிக்கிற படகு என்று நினைத்துவிடாதே. கோலாபாவில் ஒரு சேட் வைத்திருந்தான், அந்தக் காலத்து மர மோட்டார் படகு. மேல்தளம் பீட்ரூட் மாதிரி சிவப்பு, இடையிடையே வெள்ளைக் கோடு, மூக்கில் வெள்ளிப் பட்டை. அதற்கு ஒன்பது கோட் வார்னிஷ் அடித்தவன் உன் மாமன். நாற்பது வருஷம் நாற்காலிக்கும் அலமாரிக்கும் பாலிஷ் போட்ட கை அன்றைக்குத்தான் ஒழுங்கான வேலை பார்த்தது. முடித்த அன்று, ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டுமா என்றேன். "ஏய் பாலிஷ்வாலா, பாவ் மத் ரக்!" என்றான். கால் வைக்காதே என்று. நான் விட்டேனா? அவன் முகத்துக்கு நேரே இங்கிலீஷில் பதில் கொடுத்தேன். நடுங்கிவிட்டான்.

இது அதே மாதிரி படகு. பத்தொன்பது அடி. ராஜா ஒருவருடைய பங்களாவை இடித்தபோது கிடைத்த பர்மா தேக்கு. பலகை வளைய வேண்டுமானால் ஆவியில் வேகவேண்டும். மாட்டுங்காவில் கல்யாணச் சமையல்காரரிடம் பெரிய இட்லிக் கொப்பரை வாடகைக்கு எடுத்து, அதிலிருந்து தகரக் குழாய் விட்டு, குழாய்க்குள் பலகையை வைத்து வேகவைத்தேன். தேக்குமரம் முறுக்கு மாவு மாதிரி வளைந்தது. எஞ்சின், கறுப்பும் மஞ்சளுமான ஒரு காளி-பீலி டாக்ஸியுடையது. மீட்டரும் கூடவே வந்தது.

கதவு வழியாக எப்படி வெளியே வரும் என்று கேட்பாய். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். முன்பக்கச் சுவர் வெறும் தகரம். எட்டு ஸ்க்ரூ. யோசிக்காமல் இறங்குவேனா?

இப்படிக்கு,
பிரம்மநாயகம்
பாலிஷ் மேஸ்திரி, படகு இன்ஜினியர்


நெருள்
மே 15

மாமா அவர்களுக்கு,

கோலி பதினாறு அடி நீளம். அதற்குள் பத்தொன்பது அடிப் படகு எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் எழுதவும்.

நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன மாதமே வந்து போய்விட்டது. இப்போது பயம்தான். தீபாவளியோடு இந்த நெருள் வீட்டு அக்ரிமென்ட் முடிகிறது. ஓனர் நீட்டிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அம்மா விட்டுப்போன அந்தக் கோலிக்குத்தான் திரும்பி வரவேண்டும். அதுவும் சர்வேயில் குடியிருப்பு என்று எழுதினால்தான், புதுக் கட்டடம் வரும்போது நமக்கு வீடு. உள்ளே அடுப்பு, கட்டில், துணிமணி இருக்கவேண்டும். எட்டிப் பார்க்கிறவன் கண்ணில் மரத்தூளும் டாக்ஸி எஞ்சினும் பட்டால் என்ன எழுதுவான்? "கோடவுன்" என்று எழுதுவான். ஒரே ஒரு வார்த்தை. அதோடு நாங்கள் தெருவில்.

நீங்கள் என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம், எனக்குக் கப்பல் கம்பெனியில் வேலை என்று சொன்னவர். நான் அன்றைக்கு ஸ்கூல் ஆபீஸில் கிளார்க். இன்றைக்கும் அதே ஸ்கூல், அதே நாற்காலி. என் மாமியார் இன்னும் "கப்பல் என்னாச்சு?" என்று கேட்கிறார். அதை மன்னித்தேன். இதை மன்னிக்க மாட்டேன்.

ஜூன் 15-க்குள் படகு வெளியே போகவேண்டும். இல்லையென்றால் வெங்கடேஷ் ஆள் வைத்து எடுப்பார்.

மாலதி

பி.கு: அம்மாவின் கட்டில் எங்கே?


தாராவி
ஜூன் 2

மருமகளே,

பத்தொன்பது அடி என்பது சொல்லும்போது. அளந்தால் பதினாலு. எல்லாப் படகுக்கும் அப்படித்தான். கட்டில் பக்கத்தில் யாசர் பாயுடைய லெதர் பைப் பட்டறையில் பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் லெதர் அடுக்கியிருக்கிறார், கட்டிலுக்கும் வாசனை.

இனி முக்கியமான சேதி. சர்வே வந்துபோய்விட்டது! நீ கும்பிடுகிற சாமி, மாமன் உருவத்தில் வந்து உன் கோலியைக் காப்பாற்றியிருக்கிறது.

முதலில் ஒன்று புரிந்துகொள். இந்த மாதிரிப் படகைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்டவேண்டும். கீழே சட்டம், சட்டத்துக்கு மேலே பலகை, அடிப்பாகம் மேலே பார்த்தபடி. வெளிவேலை முழுக்க முடிந்தபிறகுதான் நிமிர்த்துவது. அதனால் உள்ளே நுழைகிறவனுக்குப் படகு தெரியாது. தலைக்கு மேலே வளைவான மரக்கூரை தெரியும்.

வியாழக்கிழமை காலை நாலு பையன்கள் வந்தார்கள், டேப்லெட்டும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவுமாக. எனக்கு ஒரு நிமிஷம்தான் கிடைத்தது. ஒரு நிமிஷத்தில் எஞ்சின்மேல் போர்வை போர்த்தி, படகுக்குக் கீழே பாய் விரித்து, ஸ்டவ்வைக் கொண்டுவந்து பாலைக் காய்ச்சி, உன் அத்தையின் மூன்று புடவையைக் கொடியில் போட்டேன். ரோஷன் என்கிற பையன் குனிந்து உள்ளே வந்தான். மேலே பார்த்தான்.

"அங்கிள், யே க்யா ஹை?"

"மாலா ஹை பேட்டா" என்றேன். பரண்மாதிரி மேல்தட்டைத்தானே இங்கே எல்லாரும் மாலா என்கிறோம்.

தட்டிப் பார்த்தான். "இத்னி அச்சி லக்டி!" என்று மரத்தை மெச்சினான்.

"நூறு வருஷத்து வேலைப்பாடு. ராஜா காலத்துத் தச்சர்கள்."

உன் அத்தை வாசலில் நின்றுகொண்டு, "நூறு வருசமா? ஏங்க, பிப்ரவரியிலதானே ஆணி அடிச்சிய?" என்றாள். நல்லவேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது.

நாலு பேருக்கும் இஞ்சி டீ கொடுத்தேன். குடியிருப்பு என்று எழுதிக்கொண்டார்கள். உன் பெயர், உன் கரண்ட் பில், எல்லாம் பக்கா. கதவில் 217 என்று பெயிண்டில் எழுதினார்கள். அதோடு நின்றதா? படகின் பின்பக்கப் பலகையில் 217-ஏ என்றும் எழுதியிருக்கிறது! மேல்தட்டுக்குத் தனி நம்பர். ஆகவே அது இனிமேல் படகு இல்லை, அரசாங்கத்து ஆவணம். யாரும் கை வைக்கக் கூடாது. ஜூன் 15-ம் தேதியை நீயே ரத்து செய்வாய் என்று நினைக்கிறேன்.

பிரம்மநாயகம்


நெருள்
ஜூன் 9

மாமா,

நீங்கள் எழுதியதை நம்பாமல் வெங்கடேஷை அனுப்பினேன். போட்டோ எடுத்து வந்தார். கதவில் 217. பெயிண்ட் வழிந்து ஒழுகி இருக்கிறது. படகில் 217-ஏ. ஒரு சொட்டு ஒழுகவில்லை, அச்சடித்தமாதிரி இருக்கிறது. "சர்வே ஆளுங்க இவ்ளோ அழகா எழுதுவாங்களா?" என்று கேட்டார். மரத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும் என்று நான்தான் சொன்னேன்.

ஸ்கூலுக்கு அரைநாள் லீவு போட்டு சர்வே கேம்புக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. லிஸ்ட் இன்னும் வரவில்லையாம், இரண்டாம் முறை நேரில் பார்த்த பிறகுதான் வருமாம். ஆனால் போட்ட நம்பரை அழித்தாலோ நம்பர் போட்ட சுவரை எடுத்தாலோ நாங்கள் பொறுப்பில்லை என்று அங்கே இருந்தவர் சொன்னார்.

மாமா, ட்ரெயினில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு இப்படி யோசிக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு நம்பர் என்றால் இரண்டு வீடா? ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு, இன்னொன்று அதீபாவின் படிப்புக்கு... வேண்டாம், இப்போதே பேச வேண்டாம். நெருள் ஸ்டேஷன் வருவதற்குள் மனதில் இரண்டாவது வீட்டுக்கு ஜன்னல் திரைகூடத் தைத்துவிட்டேன்.

ஆகவே ஜூன் 15 ரத்து. படகை அசைக்காதீர்கள். ஒரு இஞ்ச்கூட. வெங்கடேஷிடம் பழைய கொசுவலை, இரண்டு தலையணை, ஒரு சாமி படம் கொடுத்து அனுப்புகிறேன். படகில் ஆள் குடியிருக்கிற மாதிரி வையுங்கள். சாமி படத்துக்கு ஆணி அடிக்க முடியுமா?

மாலதி

பி.கு: அதீபா என் மகள் பெயர் என்றுகூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவளை நீங்கள் "குட்டி" என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். பிரசவ வார்டில் எனக்குத் துணை இருந்த ஷரீஃபுன்னிசா அக்கா வைத்த பெயர்.


தாராவி
ஜூன் 27

அன்பு மருமகளுக்கு,

படகில் ஆணி அடிப்பதா! என் நெஞ்சில் அடி.

நீ இவ்வளவு சுறுசுறுப்பாக கேம்புக்கெல்லாம் போவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதாவது, எதிர்பார்த்தேன். ஆனால் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

உன்னிடம் ஒரு சின்ன விஷயம் கேட்கவேண்டும். வெளிவேலை முடிந்துவிட்டது. இனி நிமிர்த்தினால்தான் சீட்டு வைக்கலாம், எஞ்சின் இறக்கலாம், மேல்தளம் போடலாம். ஆகஸ்ட் 8 நாரளி பூர்ணிமா. அன்றைக்குத்தான் மாஹிம் கோளிவாடா மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போட்டுவிட்டு, மழைக்காலம் முழுக்க மேட்டில் கிடந்த படகையெல்லாம் இறக்குவார்கள். என் படகையும் அவர்களோடு இறக்க இடம் பிடித்திருக்கிறேன். அவர்களுடைய தலைவரே என் காலைத் தொட்டுக் கேட்டுக்கொண்டார். (காலைத் தொட்டது கொஞ்சம் கூடுதல். டீ வாங்கிக் கொடுத்தார்.)

ஆகையால் நிமிர்த்திக்கொள்ளலாமா? நம்பர் என்ன பெரிய நம்பர். ஒரு நம்பருக்காக ஆசைப்படக் கூடாது. உன் அம்மா ஆசைப்பட்டதில்லை.

இன்னொன்று. சேதி பரவிவிட்டது. பக்கத்துக் கோலிக்காரர் மூன்று பேர் வந்து, தங்களுக்கும் உள்ளே ஒரு படகு கவிழ்த்துத் தரமுடியுமா என்று கேட்கிறார்கள். யாசர் பாய்க்குப் பாத்ரூம் வைத்தது வேண்டுமாம்.

பிரம்மநாயகம்


நெருள்
ஜூலை 3

மாமா,

கூடாது.

ஜூலை 22-ம் தேதி இரண்டாவது பார்வை என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. கோலி ஓனர் என்று நான் நேரில் இருக்கவேண்டும். அவர்கள் வரும்போது 217-ஏ அங்கே இல்லாவிட்டால், பொய்க் கணக்கு என்று 217-ஐயும் சேர்த்து அடித்துவிட்டால் என்ன செய்வது? இதை நீங்கள் முன்கூட்டியே சொல்லவில்லையே.

என் அம்மா ஆசைப்பட்டதில்லைதான். அதனால்தான் பத்துக்குப் பதினாறிலேயே இருந்து முடித்தாள்.

படகு கவிழ்ந்தே இருக்கட்டும்.

மாலதி


தாராவி
ஜூலை 11

மாலதி,

ஒன்பது கோட் போதும். நான் பதினாலு கோட் வார்னிஷ் அடித்துவிட்டேன். வேறு வேலை இல்லை. நிமிர்த்தக் கூடாது என்றால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? உன் அத்தை அதில் முகம் பார்த்துத் தலை சீவுகிறாள். "படகுக்கு வார்னிஷ் அடிக்கியளா, கண்ணாடி செய்யுதியளா?" என்கிறாள்.

மத்தியானம் படகுக்குக் கீழே பாய் போட்டு மல்லாந்து படுத்திருக்கிறேன். அந்தக் கோலாபா சேட் அவன் படகில் என்னை உட்கார விடவில்லை. என் படகு என்மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மாமன்


நெருள்
ஆகஸ்ட் 11

மாமா அவர்களுக்கு,

போனில் அன்ப்ளாக் செய்துவிட்டேன். இருந்தாலும் இதை எழுத்தில் வைக்கிறேன். நீங்கள் ஊர் முழுக்க இந்தக் கதையைச் சொல்லப் போகிறீர்கள். ஒரு இடத்திலாவது நடந்தது நடந்தமாதிரி இருக்கட்டும்.

ஜூலை 20-ம் தேதி நான் பையும் பாத்திரமுமாக வந்தபோது, சண்டை போடத்தான் வந்தேன். படகுக்குக் கீழே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் பதில் இல்லை. நீங்கள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. அத்தைதான், "நாலு நாளா இப்படித்தான்ளா கெடக்காரு. பொய்கூட சொல்ல மாட்டேங்காரு. எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இரண்டு வீடு வேண்டாம், ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். தகரச் சுவருக்கு எட்டு ஸ்க்ரூ இல்லை மாமா, முப்பத்தாறு. நான்தான் எண்ணிக் கழற்றினேன். சந்தில் பதினெட்டுப் பேர் சேர்ந்து வெளியே தூக்கி நிமிர்த்தினோம். நிமிர்த்தியதும் 217-ஏ தலைகீழாகிவிட்டது. குட்டி அதைத் தலையைச் சாய்த்து வைத்துப் படித்தாள்.

22-ம் தேதி ஆபீசர் வந்தார். தகரத்தைத் திரும்ப மாட்டி, கோலி கழுவித் துடைத்து, கட்டில் போட்டு, அடுப்பில் சாம்பார். 217 சரி என்று குறித்துக்கொண்டார். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு உறுத்தியது. "சார், 217-ஏ என்று ஒன்று இருக்கும். அது வீடு இல்லை, வெளியே நிற்கிற படகு. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்" என்று ஹிந்தியில் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் டேப்லெட்டை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சிரித்து, "டீக் ஹை மேடம், காட் தியா" என்றார், அடித்துவிட்டாராம். எவ்வளவு நல்ல மனிதர்.

மும்பையில் ஒரு வீட்டை நானாகவே வேண்டாம் என்று சொன்னேன், மாமா. உங்கள் படகுக்காக. அன்று ராத்திரி வெங்கடேஷ் என்னோடு பேசவில்லை.

நாரளி பூர்ணிமா அன்று நடந்தது: மேளதாளம் நமக்கு இல்லை, கோளிவாடாக்காரர்களுக்கு. கூட்டம் ஐயாயிரம் இல்லை. எஞ்சின் நாலு நிமிஷம் ஓடியது. ஐந்தாவது நிமிஷம் நின்றது. ஒரு கோளி அம்மாள் தன் படகில் கயிறு கட்டி நம்மை இழுத்து வந்து, வழி முழுக்கத் திட்டினார். ஆனால் அந்த நாலு நிமிஷம் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், சட்டை பட்டனெல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் போதும். இரண்டாவது வீட்டுக்கு மனதில் தைத்த திரையைப் படகு சீட்டுக்கு உறையாகத் தைத்துத் தருகிறேன்.

தீபாவளிக்கு வருகிறோம். கோலி காலியாக இருக்கட்டும்.

மாலதி


தாராவி
ஆகஸ்ட் 16

என் அருமை மருமகளுக்கு,

உன் கடிதத்தை சந்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எஞ்சின் நின்ற இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தேன்.

கோலி காலி. தகரம் மாட்டினபடியே இருக்கிறது, முப்பத்தாறு ஸ்க்ரூவோடு. படகு கோளிவாடாவில் நிற்கிறது. கடல் போலீஸ் ஒருவர் வந்து ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எங்கே என்றார். பின்னால் காட்டினேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து வலி எடுத்ததுதான் மிச்சம். "நாளைக்கு வாரேன்" என்று போய்விட்டார். நாளைக்கு வருவதற்குள் ஒழுங்கான பேப்பர் எடுத்துவிடுவேன். யாசர் பாய்க்கு ஆள் தெரியும் என்கிறார்.

ஒரு சங்கதி. நீ எழுத்தில் கேட்டாய் என்பதால் எழுத்தில் சொல்லவேண்டும். மூன்று நாளாக இந்தப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் அத்தையிடம் சொன்னேன். "ஐயோ, அந்தப் புள்ள அழுதுட்டுலா வீட்ட விட்டுக் குடுத்துச்சு! ஒழுங்கா எழுதிப் போடுங்க, இல்ல நானே நெருளுக்கு ட்ரெயின் ஏறிருவேன்" என்று இப்போதும் எதிரே நிற்கிறாள்.

வெங்கடேஷ் இன்னும் உன்னோடு பேசாமல் இருந்தால் நீயே பேசு. அவர்மேல் தப்பில்லை. உன்மேலும் இல்லை. நீ எந்த வீட்டையும் இழக்கவில்லை. இழப்பதற்கு ஒன்று இருக்கவில்லை.

நீ ஜூன் 15 என்று கெடு வைத்தாய். வார்னிஷ் காய எனக்கு இன்னும் மூன்று வாரம் வேண்டியிருந்தது. ரோஷன் பையன்கள் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெயிண்ட் டப்பாவும் பிரஷும் தரையில் சும்மா இருந்தன. நம்பர் இருந்தால் நீ படகைத் தொட மாட்டாய் என்று நினைத்தேன். தொடவே விடமாட்டாய் என்று நினைக்கவில்லை. ஒரு மாதம் என் பொய்க்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன்.

அடுத்த ஞாயிறு குட்டியைக் கூட்டிக்கொண்டு வா. அதீபாவை. மீட்டர் போடமாட்டேன்.

பாக்கி நான் எழுதியதெல்லாம் சத்தியம், ராஜா பங்களா உட்பட, கிட்டத்தட்ட. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் நான். படகை நிமிர்த்தினால் எழுத்து தலைகீழாகும் என்பது மட்டும், பிரஷைக் கையில் எடுத்தபோது எனக்குத் தோன்றவே இல்லை. 217-ஏ நான் எழுதியது.

பிரம்மநாயகம்